பதில்: வால்வ் ஆம்ப் ஊளையிடுகிறது, செய்தவர் பதில் போடவில்லை

வால்யூமைக் கூட்டினால் புது வால்வ் ஆம்ப் (கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) ஊளையிடுகிறது, கையால் செய்து விற்றவர் இரண்டு வாரமாக மௌனம், ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிடலாமா என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்த மாதிரி பட்டறைகளில் சால்டரிங் வைப்பவரும் மெயில் பார்ப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

ஆம்ப் ஓடும்போதே 12ஏஎக்ஸ்7 என்ற சிறிய கண்ணாடி வால்வுகளை மரப் பென்சிலால் ஒவ்வொன்றாக மெல்லத் தட்டுங்கள். எதைத் தட்டும்போது ஸ்பீக்கரில் 'டிங்' என்று பலமாகக் கேட்கிறதோ, அநேகமாக அதுதான் கோளாறு, மாற்றிப் பாருங்கள். சேஸிஸை, அதாவது சர்க்யூட் இருக்கும் உலோகப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெபாசிட்டரில் 300, 400 வோல்ட் நிற்கலாம்.

அப்புறம் சீரியல் எண், சின்ன வீடியோ, எந்த வால்வு என்பதோடு செய்தவருக்கு மறுபடி எழுதுங்கள். 'சத்தம் சரியில்லை' என்ற ஒற்றை வரிக்கு அவர்தான் என்ன சொல்வார்? அதற்கும் பதில் இல்லையென்றால், தேதிகளோடு நடந்ததை அப்படியே விமர்சனமாகப் போடுங்கள். வாரண்டியையும் இப்போதே பாருங்கள்; வால்வுகளுக்குப் பல இடங்களில் 90 நாள்தான்.