சுக்கினி கூழாகாமல் இருக்க

கேள்வி: சுக்கினியை (வெள்ளரி போல நீளமான, பூசணி இனக் காய்) நறுக்கி உப்பும் சீஸும் சேர்த்து வதக்கினால், வாணலி நிறையத் தண்ணீர் விட்டுக் காய் கூழாகிவிடுகிறது. சீஸ் ரப்பர் மாதிரி திரண்டு, எண்ணெய் தனியே பிரிகிறது. எங்கே தவறு?

பதில்: சுக்கினியில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு தண்ணீர்தான். அதை அடுப்பில் ஏற்றும் முன்பே முடிந்தவரை வெளியே எடுத்துவிட வேண்டும்.

அரை கிலோ சுக்கினியைத் தோல் சீவாமல் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்குங்கள். இதைவிட மெல்லியதாக இருந்தால் சிவப்பதற்குள் குழைந்துவிடும். அரை டீஸ்பூன் உப்பைப் பிசறி, வடிதட்டில் 20 நிமிடம் வையுங்கள். துண்டுகளின் மேல் முத்து முத்தாக நீர் அரும்பி வழியும். சுத்தமான துணியால் இரண்டு பக்கமும் ஒற்றி எடுங்கள். இந்த ஒற்றுதலைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். ஈரக்காய் எண்ணெயில் வேகுமே தவிர, சிவக்காது.

அகலமான வாணலியை நன்றாகச் சூடாக்கி, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டுத் துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். இடம் போதாவிட்டால் இரண்டு ஈடாகப் போடுங்கள். குவித்தால் ஆவியிலேயே அவிந்துவிடும். கிளறாமல், மூடாமல், பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். பொன்னிறப் புள்ளிகள் விழுந்ததும் நசுக்கிய பூண்டு இரண்டு பல் சேர்த்து, அரை நிமிடம் புரட்டி அடுப்பை அணையுங்கள்.

அதன் பிறகுதான் சீஸ். துருவிய செடார் வகைச் சீஸ் 50 கிராமைத் தூவி, ஒரு நிமிடம் மூடி வைத்தால் அந்தச் சூட்டிலேயே இளகிவிடும். எரியும் அடுப்பில் போட்டால் சீஸின் புரதம் இறுகிக் கொழுப்பைக் கக்கிவிடும். நீங்கள் சொல்லும் ரப்பர் அதுதான். துருவியே விற்கும் சீஸில் ஒட்டாமலிருக்க மாவு கலந்திருப்பார்கள், அது வழவழப்பாக இளகாது. கட்டியாக வாங்கித் துருவுவதே நல்லது. சீஸிலும் உப்பு உண்டு. மிளகுத்தூள் மட்டும் தூவி, ருசி பார்த்த பிறகே உப்பைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: சீஸுக்குப் பதில் பன்னீர் துருவிப் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் உருகாது. புளிப்புச் சேர்த்துத் திரித்த பால் என்பதால் சூட்டில் அப்படியே உதிரியாக நிற்கும். பொரியல் போல வேண்டுமென்றால் அதுவும் நன்றாகவே இருக்கும்.

கேள்வி: சில சுக்கினி கசக்கிறதே, உப்பு போட்டால் போய்விடுமா?

பதில்: போகாது. கடும் கசப்புக்குக் காரணமான, காயிலேயே இருக்கும் குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள் வயிற்றைக் கெடுக்கும், வேகவைத்தாலும் அழியாது. நறுக்கியதும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, முழுக்காயையும் எறிந்துவிடுங்கள்.