39 வருஷம் கழித்துச் சொன்ன வார்த்தை

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். வெளிநாடு வந்து நான்கு மாதம் ஆகிறது. வேலைக்கு அழைத்து வந்தவர் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறார். இரண்டு மாதச் சம்பளமும் வரவில்லை. அவரும் நீங்கள் போகும் சபைக்குத்தான் ஆராதனைக்கு வருகிறார். சபையில் சொன்னால், "கர்த்தர் பார்த்துக்கொள்வார், அமைதியாயிருங்கள்" என்கிறார்கள். புகார் கொடுத்தால் விசுவாசம் இல்லாதவன் ஆகிவிடுவேனா, தேவன் இதை ஏன் அனுமதித்தார் என்று கேட்கிறீர்கள்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, கட்டாய உழைப்பைக் கண்டுகொள்ள 11 அடையாளங்களைச் சொல்கிறது. அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதும் சம்பளத்தை நிறுத்தி வைப்பதும் அந்த 11-இல் இருக்கின்றன. உங்களுக்கு இரண்டுமே நடக்கிறது. இதைச் சபைக்குள் பேசித் தீர்க்க வேண்டிய மனஸ்தாபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யாக்கோபு நிருபம் 5-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அநியாயமாய்ப் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று இருக்கும். கூலியே கத்தும்போது வேலை செய்தவன் மட்டும் எதற்கு வாயை மூடிக்கொள்ள வேண்டும்?

"பழிவாங்குதல் எனக்குரியது" என்ற வசனத்தை உங்களுக்கும் காட்டியிருப்பார்கள். ரோமர் 12:19. அங்கேயே நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனால், அங்கிருந்து ஆறாவது வசனத்தில், அதாவது 13:4-இல், தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் அதிகாரியைப் பவுல் "தேவ ஊழியக்காரன்" என்கிறார். அப்படியானால் தொழிலாளர் அலுவலகத்தில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரும் ஒருவகையில் ஊழியக்காரர்தான். அவரிடம் போவது பழிவாங்குவது ஆகாது. பவுலே பிலிப்பியில் நள்ளிரவில் சிறைக்குள் பாட்டுப் பாடினார், விடிந்ததும், "விசாரணையே இல்லாமல் ரோமரான எங்களை அடித்தார்கள், இப்போது சத்தமில்லாமல் அனுப்பப் பார்க்கிறார்களா? அவர்களே வந்து அழைத்துப் போகட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். பாட்டும் அவருடையதுதான், பிடிவாதமும் அவருடையதுதான்.

சரி, இனி கடினமான கேள்வி. ஏன் அனுமதித்தார்? இதற்குச் சட்டென்று பதில் வைத்திருக்கிறவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அநேகமாக அவர்கள் யோசேப்பைத்தான் எடுப்பார்கள், அண்ணன்மார் குழியில் போட்டு, எகிப்துக்கு அடிமையாய் விற்றுவிட்ட தம்பியை. "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்." நல்ல வசனம்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் எப்போது அதைச் சொன்னார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விற்கப்பட்டபோது வயது 17, பார்வோனுக்கு முன் நின்றபோது 30. ஏழு வருஷம் செழிப்பு, இரண்டு வருஷம் பஞ்சம். அண்ணன்மாரிடம் தன்னை வெளிப்படுத்தியபோது ஏறத்தாழ 39. அதன்பின் அப்பா 17 வருஷம் எகிப்தில் உயிரோடிருந்தார். அவரை அடக்கம் பண்ணிய பிறகுதான், யோசேப்புக்கு ஏறத்தாழ 56 வயதில், அந்த வார்த்தை வருகிறது. குழிக்கும் அந்த வார்த்தைக்கும் நடுவில் 39 வருஷம்!

சிறையில் இருந்தபோது அவர் அப்படிப் பேசவே இல்லை. பானபாத்திரக்காரர் தலைவனிடம், "என்னை என் தேசத்திலிருந்து களவாய்க் கொண்டுவந்தார்கள், இங்கே அடைக்கும்படி நான் ஒன்றும் செய்யவில்லை, பார்வோனிடம் சொல்லி என்னை வெளியே எடுங்கள்" என்றார். இது சுத்தமான புகார் மனு. நாலாவது மாதத்தில் நீங்கள் இருப்பது அந்த இடத்தில். 39-ஆம் வருஷத்து வார்த்தையை உங்கள் வாயில் திணிக்க யாருக்கும் உரிமையில்லை. இன்னொன்று, அதைச் சொன்னது குழிக்குள் கிடந்தவர். பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அல்ல.

என் கதையையும் சொல்கிறேன். நான் வந்த புதிதில் என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டவர், மாதாமாதம் "செலவு" என்று என் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டார். என்ன செலவு என்று ஒருநாளும் சொன்னதில்லை. சபையில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருவார். ஒரு ஞாயிறு, அந்நிய தேசத்தில் கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்காக அவரே ஜெபம் ஏறெடுத்தார், குரல் தழுதழுக்க. எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் அவருடைய சட்டைக் காலரில் இருந்த இஸ்திரி மடிப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆமென் சொல்ல வரவில்லை.

வேலை செய்த மணிகளை ஒரு சின்ன நோட்டில் எழுதி வந்தேன். அதை எடுத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகம் போனேன். ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது, மீதி வரவில்லை. புகார் கொடுத்ததில் மனம் உறுத்தவில்லை. உறுத்தியது வேறு. வேலைக்கு நடந்து போகும் வழியெல்லாம் அவரைச் சபை நடுவில் நிறுத்தி அவமானப்படுத்துவதுபோல் மனதுக்குள் வசனம் பேசிக்கொண்டே போவேன். நாளுக்கு நாள் வசனம் நீண்டது. தேவனிடம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது அதைத்தான், பணக்கணக்கை அல்ல. ஒரே ஜெபத்தில் போய்விடவில்லை. சில காலைகளில் வீட்டு வாசலில் ஒப்புக்கொடுத்துவிட்டு, தெருமுனை போவதற்குள் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு அந்த அலுவலகத்தில் எனக்காக மொழிபெயர்க்க யாருமில்லை, பாதி சொல்லிப் பாதி விட்டுவிட்டேன். இப்போது மாதம் இரண்டு முறை அதே அலுவலகத்தில் புதிதாய் வருகிறவர்களுக்கு நான் மொழிபெயர்க்கிறேன். யோசேப்பும் அண்ணன்மாரும் பேசியபோது நடுவே ஒரு துபாசி, அதாவது மொழிபெயர்ப்பாளர், நின்றது ஆதியாகமம் 42-இல் வரும். யோசேப்புக்குப் புரியாது என்று நினைத்து அண்ணன்மார் தங்களுக்குள் பேசியதைக் கேட்டு, அவர் அப்புறம் போய் அழுதார். வெளிதேசத்தில் தாய்மொழியை இப்படிக் காதில் வாங்கியவர்களுக்கு அந்த அழுகை தெரியும். எனக்கு நடந்த தீமையைத் தேவன் இதற்காகத்தான் திருப்பினாரா? சில நாள் ஆமாம் என்பேன். காலர் மடிப்பு ஞாபகம் வருகிற நாளில் பேசாமல் இருந்துவிடுவேன். அவருக்காக ஜெபிக்க முடிகிறது, பெயரைச் சொல்லியே. அவ்வளவுதூரம் வந்திருக்கிறேன்.

நீங்களும் இன்றிரவே ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, மணி, தர வேண்டிய தொகை, கடவுச்சீட்டை வாங்கிய நாள், அப்போது யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். கடவுச்சீட்டின் நகல் ஏதாவது கைப்பேசியில் இருக்கிறதா பாருங்கள். நம் தூதரகத்திலும் அதைக் கேட்பார்கள். தனியாகப் போக வேண்டாம். என்னிடம் நாளைச் சொல்லுங்கள், நான் வாசலில் நிற்கிறேன்.