ஓடாமல் நின்றாலும் பெல்ட்டுக்கு வயதாகும்

கீழக்கரையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சபரில் (வெளிநாட்டில்) இருக்கும் எங்கள் காக்கா (அண்ணன்) 2015-இல் வாங்கிய டஸ்டர் டீசல் வண்டி. இதுவரை 58,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அவர் லீவில் வரும்போது நன்றாக ஓடும், மற்ற நாளெல்லாம் வாசலில் தார்ப்பாய் மூடி நிற்கும். டைமிங் பெல்ட், கிளட்ச் இரண்டையும் சேர்த்து மாற்றினால் ஒரே கூலியில் முடியும் என்கிறார் மெக்கானிக். இவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கு இதெல்லாம் இப்போதே தேவையா?"

தம்பி, பெல்ட்டை இந்த மாதமே மாற்றிவிடுங்கள். கிளட்ச் தொல்லை தராமல் ஓடுகிறது என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

டைமிங் பெல்ட் என்பது பல் வைத்த ரப்பர் பட்டை. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கு பிசகாமல் பார்த்துக்கொள்வது இந்தப் பட்டைதான். பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு மூடியிருக்கும். பெல்ட் அறுந்தால் கேம் அப்படியே நின்றுவிடும், வண்டி போகும் வேகத்தில் கிராங்க் மட்டும் சுற்றும். திறந்தபடி நிற்கும் வால்வில் பிஸ்டன் போய் இடிக்கும். உங்கள் வண்டியில் இருப்பது அப்படி இடிக்கிற வகை இன்ஜின்தான். பிறகு இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கி வால்வு மாற்ற வேண்டும். பெல்ட் மாற்றும் செலவைப் போலப் பல மடங்கு ஆகும்.

இதற்கு முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. சில வருடங்களுக்கு முன் உச்சிப்புளி பக்கம் நின்றுபோன ஒரு டீசல் காரை எங்கள் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். அதுவும் குறைவாக ஓடிய வண்டிதான், ஒன்பது வயது. அன்று காலைவரை நன்றாக ஓடியது என்றார் ஓட்டி வந்தவர். கவரைக் கழற்றிப் பார்த்தால் பட்டை அறுந்திருக்கவில்லை. ஒரு சாண் நீளத்துக்குப் பல் மட்டும் வழித்து எடுத்ததுபோல் காணாமல் போயிருந்தது. உதிர்ந்த பற்கள் புளியங்கொட்டை மாதிரி கவருக்குள் கிடந்தன. பட்டையின் முதுகில் ஒரு வெடிப்புகூடத் தெரியவில்லை. அதனால் "கவரைத் திறந்து பார்த்தேன், பெல்ட் நன்றாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

பெரும்பாலான கம்பெனிகள் பெல்ட்டுக்கு கிலோமீட்டர், வருடம் என்று இரண்டு கெடு வைத்திருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. உங்கள் வண்டிக்கு உரிய சரியான எண் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். பொதுவாக ஐந்தாறு வருடம் தாண்டிய பெல்ட்டை நான் நம்ப மாட்டேன். ரப்பர் சும்மா நின்றாலும் வெயிலிலும் சூட்டிலும் இறுகும். நம் கரையில் உப்புக்காற்று வேறு. அது ரப்பரைவிட, பட்டையை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங்கைத்தான் முதலில் தின்னும். மாதக்கணக்கில் அசையாமல் நின்ற வண்டியில் இன்னும் மோசம். டென்ஷனர் இறுகினால் புது பெல்ட்டும் போய்விடும்.

ஆகவே பெல்ட்டை மட்டும் வாங்காமல் டென்ஷனர், ஐட்லர் (பட்டைக்கு வழிகாட்டும் சிறு சக்கரம்) சேர்ந்த கிட்டாக வாங்குங்கள். உங்கள் இன்ஜினில் வாட்டர் பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான், அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். வெளியே ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்டையும் விட்டுவிடாதீர்கள். அது நைந்தால் அதன் நார் கிராங்க் புல்லிக்குப் பின்னால் புகுந்து டைமிங் பெல்ட்டையே கெடுத்துவிடும். மாட்டும்போது கிராங்க், கேம் இரண்டையும் பின் போட்டு லாக் செய்கிறாரா, முடித்ததும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி சரிபார்க்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கோபித்துக்கொள்ளும் மெக்கானிக் என்றால் வேறு இடம் போகலாம்.

ஒரே கூலி என்ற பேச்சுக்கு வருகிறேன். டைமிங் பெல்ட் இன்ஜினின் ஒரு முனையில் இருக்கிறது, கிளட்ச் அதற்கு எதிர்முனையில், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே. ஒன்றைக் கழற்றினால் மற்றதற்கு வழி கிடைக்காது. கியர்பாக்ஸ் இறக்குவது தனி வேலை, தனிக் கூலி.

கிளட்ச் நாள்பட நாள்படச் சொல்லிவிட்டுத்தான் போகும். ஆள் இல்லாத நேரான சாலையில், நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வண்டி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் ஸ்லிப் ஆகிறது (வழுக்குகிறது), மாற்ற வேண்டியதுதான். பெடலை மிதிக்கும்போது மட்டும் கரகரவென்று சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மாற்றும் நாள் வந்தால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். அங்கே உள்ள கிராங்க் ஆயில் சீல் கசிகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். இதற்குக் கிலோமீட்டர் கணக்கு சொல்ல முடியாது. மதுரை ரோட்டிலேயே ஓடும் வண்டியில் லட்சத்தைத் தாண்டும். தனுஷ்கோடியில் தார் ரோட்டை விட்டு மணலில் இறக்கி, சக்கரம் புதைந்து, ஹாஃப் கிளட்ச்சில் வைத்து உறுமினால் ஒரே மாலையில் கருகிவிடும். அந்த வாடை ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது.

உங்கள் வண்டியில் இன்னொன்று நடக்கலாம். கடற்காற்றில் பல மாதம் நின்றால் இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் என்ற சக்கரம் துருப்பிடித்து கிளட்ச் பிளேட் அதோடு ஒட்டிக்கொள்ளும். பெடலை முழுவதும் மிதித்தும் கியர் விழாது. கிளட்ச் போய்விட்டது என்று உடனே கியர்பாக்ஸை இறக்கச் சொல்வார்கள். அதற்கு முன் விவரம் தெரிந்த ஒருவரை வைத்து, கியர்பாக்ஸை இறக்காமலே ஒட்டிய பிளேட்டை விடுவித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பல நேரம் விட்டுவிடும். பெல்ட் மாற்றிய பிறகு, வாரம் ஒருமுறை பத்து கிலோமீட்டராவது ஓட்டினால் இந்தத் தொல்லையே வராது.

படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: எல்லா வண்டியிலும் பெல்ட் இருக்காது. மாருதி 800, பழைய சான்ட்ரோ, இண்டிகா எல்லாம் பெல்ட். ஸ்விஃப்ட்டின் 1.3 டீசலில் செயின். செயினுக்குப் பொதுவாக இப்படிக் கெடு இல்லை, ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் நீண்ட நாள் உழைக்கும்.

தம்பி, மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானட்டுக்குள் ஒட்டச் சொல்லுங்கள். பெல்ட் மாற்றும் வேலை முடியும்வரை, காக்காவைக் கூப்பிட மதுரை ஏர்போர்ட்டுக்கு வேறு வண்டியில் போய் வாருங்கள்.