டிமாண்ட் நோட்டீஸ் வந்திருக்கிறதா? முதலில் பத்து நாளைக் கவனியுங்கள்

சார், காஸ்டிங் சப்ளையர் 1.30 கோடி பாக்கி என்று திவால் சட்டம் 8ஆம் பிரிவில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார், பாதி சரக்கில் ப்ளோ ஹோல் (வார்ப்புக்குள் காற்றுத் துளை), அதனால்தான் பணத்தை நிறுத்தினோம், கம்பெனியையே இழுத்து மூடிவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், ஆனால் நோட்டீஸைத் தூக்கி ஓரமாக வைத்துவிடாதீர்கள். கையில் கிடைத்த நாளிலிருந்து 10 நாளுக்குள், தகராறு ஏற்கெனவே இருக்கிறது என்று எழுத்தில் பதில் போக வேண்டும்.

இதில் 'ஏற்கெனவே' என்பதுதான் உயிர்நாடி. நோட்டீஸ் வந்த பிறகு கிளப்பும் புகார் எடுபடாது. அதற்கு முந்தைய தேதியிட்ட ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட், டெபிட் நோட், மெயில், அவர் ஆள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட சலான் எல்லாவற்றையும் பதிலோடு இணையுங்கள். மொபிலாக்ஸ் வழக்கில் (2017) உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: அவர் உங்கள் கம்பெனி மீது திவால் மனுப் போட்டால், தகராறில் நீங்கள் ஜெயிப்பீர்களா என்று தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் (NCLT) பார்க்காது, அது விசாரிக்க வேண்டிய உண்மையான தகராறா, சும்மா ஜோடித்ததா என்று மட்டும் பார்க்கும். உண்மை என்றால் மனு தள்ளுபடி.

அப்புறம், நல்ல சரக்குக்கான பணத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்திருந்தால் அதை இப்போதே கொடுத்துவிடுங்கள், அதைப் பிடித்து வைப்பது நியாயமும் இல்லை, உங்கள் வாதத்தையும் கெடுக்கும். இன்னொன்று, அவர் மனுப்போட குறைந்தது 1 கோடி பாக்கி இருக்க வேண்டும் (2020 மார்ச் வரை 1 லட்சம்தான்).

மனு தள்ளுபடியானாலும் அவர் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். பதிலை வக்கீல் மூலமாகவே அனுப்புங்கள், நாளைக்கே.