கடற்கரைக் குப்பையும் தன்னார்வலரும்: கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி, பெசன்ட் நகர்): ஐயா, நாங்கள் ஞாயிறுதோறும் கடற்கரையில் குப்பை பொறுக்குகிறோம். அடுத்த வாரம் போனால் அதே அளவு கிடக்கிறது. இதனால் பயன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் மணல் எத்தனை நாள் சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்து அளந்தால் மனம் சோர்ந்துவிடும். உங்கள் கரையில் கிடப்பதில் ஒரு பகுதிதான் அங்கு வந்து உட்கார்ந்தவர்கள் போட்டது. அடையாறும் கூவமும் நகரத்திலிருந்து சுமந்து வருவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐப்பசியில் பெருமழை பெய்து ஆற்றில் வெள்ளம் வரும்போது, மாதக்கணக்கில் கால்வாய்களில் தேங்கிக் கிடந்தவை முகத்துவாரம் வழியே கடலுக்குப் போய், கரையோர நீரோட்டத்தோடு நகர்ந்து, பக்கத்துக் கரைகளில் ஒதுங்குகின்றன. அந்த நீரோட்டம் தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கியும் வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் ஓடுவதால், மழைக்காலத்தில் அடையாற்றுக் குப்பை உங்கள் பக்கம் வருவதில் வியப்பில்லை. ஆகவே புரட்டாசி முடிவதற்குள் சில ஞாயிறுகளை ஆற்றங்கரைக்கும் மழைநீர்க் கால்வாய்களுக்கும் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள்: மணலில் தண்ணீர் பாட்டில்களைவிட மூடிகள் அதிகமாகக் கிடக்கும். மூடி நீரைவிட இலேசான பிளாஸ்டிக்கால் ஆனது. பாட்டிலின் பிளாஸ்டிக் கனமானது, மூடி கழன்று உள்ளே நீர் புகுந்ததும் மூழ்கிவிடும். கரையில் நம் கண்ணுக்குப் படுவது பெரும்பாலும் மிதந்து வந்தது மட்டுமே.

கேள்வி (பள்ளி ஆசிரியர், கடலூர்): குப்பையை எடுத்தால் போதாதா? ஒவ்வொன்றாக எண்ணி எழுத மாணவர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

பதில்: எடையை மட்டும் குறித்தால் ஈர மணலின் எடையும் அதில் சேர்ந்துவிடும், எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியாது. 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தன்னார்வலர்கள் குப்பையை வகை பிரித்து எண்ணி எழுதியதிலிருந்துதான், இன்று செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையில் உலகெங்கும் நடக்கும் கடற்கரைத் துப்புரவு நாள் வளர்ந்தது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. தடை செய்யப்பட்ட பைகள் இந்த இடத்தில், இந்த நாளில், இத்தனை கிடைத்தன என்று எழுதி நகராட்சியிடம் கொடுக்கும் மனுவுக்கு, வெறும் முறையீட்டுக்கு இல்லாத வலு உண்டு. ஒருவர் பொறுக்க ஒருவர் எழுதட்டும். பாதி நேரத்தில் இருவரும் மாறிக்கொண்டால் சலிப்புத் தட்டாது.

கேள்வி (ஒரு தாய், திருவான்மியூர்): எட்டு வயதுப் பிள்ளையை அழைத்து வரலாமா?

பதில்: கனமான கையுறையும் மூடிய செருப்பும் அணிவித்து அழைத்து வாருங்கள். ஊசியையும் உடைந்த கண்ணாடியையும் பெரியவர்கள்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி (குடியிருப்போர் சங்கத்தவர், நீலாங்கரை): இயந்திரம் கொண்டு மணலை வாரிவிட்டால் வேலை எளிதாகுமே?

பதில்: மக்கள் கூடும் இடத்தில் ஓரளவுக்கு உதவும். ஆனால் அடம்புக்கொடியும் இராவணன் மீசை என்னும் புல்லும் படர்ந்த மணல்மேட்டில் இயந்திரம் ஏறவே கூடாது; காற்றிலும் அலையிலும் மணல் கரையாமல் பிடித்து வைப்பவை அவற்றின் வேர்கள். தை முதல் பங்குனி வரை, பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் இரவில் கரையேறி அதே மணலில்தான் முட்டையிடுகின்றன. குஞ்சு பொரிக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். அந்த மாதங்களில் கையால் மட்டும் பொறுக்குங்கள், மணலைக் கிளறாதீர்கள்.

கேள்வி (இளைஞர், தூத்துக்குடி): பாதி புதைந்து கிடக்கும் மீன்வலைகளை இழுத்தால் வருவதில்லை. மீனவர்கள் ஏன் இப்படிப் போடுகிறார்கள்?

பதில்: வலை மீனவரின் முதலீடு, வேண்டுமென்று அதை இழப்பவர் அரிது. பாறையில் சிக்கியோ, வேறொரு படகு அறுத்துக்கொண்டு போயோ தொலைகிறது. தொலைந்த பிறகும் அது மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கிறது. கரையில் கிடப்பதை இழுக்காமல், சுற்றிலும் மணலைத் தோண்டி, துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். நீருக்குள் பவளப்பாறையில் சிக்கியதைத் தொடாதீர்கள். இழுத்தால் பவளமும் சேர்ந்து பெயர்ந்து வரும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால், அங்கே வனத்துறைக்குத் தகவல் சொல்வதே முறை. உள்ளூர் மீனவர்களைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். வலை சிக்கும் இடங்கள் அவர்களுக்கு அத்துப்படி.

கேள்வி (வாசகர், கன்னியாகுமரி): எங்கள் கரையில் அரிசி போன்ற வெள்ளை மணிகள் கிடக்கின்றன. இவற்றை எப்படி எடுப்பது?

பதில்: அவை பிளாஸ்டிக் பொருட்கள் செய்வதற்கான மூலப்பொருளான குருணைகள். 2021இல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து சுமார் 1,680 டன் குருணை கடலில் கலந்தது. 2025 மே மாதம் கேரளக் கடலில் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலின் குருணைகள் உங்கள் மாவட்டக் கரை வரை வந்தன. அலை கடைசியாக ஏறிய வரியில்தான் இவை திரளும். அந்த மேல்மணலை மட்டும் மெல்ல வாரி, நீர் நிறைந்த வாளியில் கொட்டுங்கள். மணல் அடியில் தங்க, குருணை மிதக்கும். அதைச் சல்லடையால் எடுத்துவிட்டு மணலை அதே இடத்தில் போடுங்கள். கிழியாத சாக்கில் கட்டி அன்றைக்கே உள்ளாட்சி ஊழியர்களிடம் ஒப்படையுங்கள். ஓர் இரவு கரையில் விட்டாலும் ஓதம் ஏறும்போது அவ்வளவும் திரும்பக் கடலுக்குப் போய்விடும்.