திருகோணமலையின் பெயர் தாங்கிய கப்பல்: பணி வரலாற்றைத் தேடும் முறை

கேள்வி: இங்கிலாந்தின் ஹார்டில்பூலில் நிற்கும் ‘டிரிங்கோமாலி’ என்ற பழைய பாய்மரப் போர்க்கப்பலைப் பற்றி எங்கள் ஊர் ஆண்டு மலருக்கு எழுதுகிறேன். பீரங்கிகள் 38, 46, 26 என்று இடத்துக்கு இடம் மாறுகிறது. 1782 கடற்போரில் அது சண்டையிட்டது என்றும் படித்தேன். எதை நம்புவது? மூல ஆவணங்கள் எங்கே கிடைக்கும்? – வாசகர், திருகோணமலை

பதில்: முதலில் 1782-ஐ நீக்கிவிடுங்கள். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரெனும் உங்கள் துறைமுகத்துக்கு வெளியே மோதியது அந்த ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி. இந்தக் கப்பல் பம்பாயில் ஜம்ஷெட்ஜி பமன்ஜி வாடியாவின் கையால் மலபார் தேக்கில் உருவாகி, 1817 அக்டோபர் 12 அன்றுதான் தண்ணீரில் இறங்கியது. பெயர் அந்தப் போரின் நினைவாக வைத்தது, அவ்வளவே. வேலை தொடங்கத் தாமதமானதற்கும் காரணம் உண்டு. இதன் கட்டுமான வரைபடங்களை ஏற்றி வந்த பிரிட்டிஷ் கப்பல் ‘ஜாவா’வை 1812 டிசம்பரில் அமெரிக்காவின் ‘கான்ஸ்டிடியூஷன்’ தோற்கடித்தது. வரைபடங்களை மறுபடியும் அனுப்ப வேண்டியதாயிற்று.

பீரங்கி எண்ணிக்கையில் நீங்கள் பார்த்த மூன்றும் சரிதான். எந்த ஆண்டைச் சொல்கிறோம் என்பதில்தான் குழப்பம். வடிவமைத்தபோது இது 38 பீரங்கி வகை ஃபிரிகேட், அதாவது நடுத்தர அளவிலான வேகமான போர்க்கப்பல். கரோனேடு எனப்படும் குட்டைப் பீரங்கிகளை அந்தக் கணக்கில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. 1817 பிப்ரவரியில் கடற்படை அவற்றையும் சேர்த்து எண்ணத் தொடங்கியதும், அதே வகைக் கப்பல்கள் 46 ஆயின. 1840-களில் பின்புறத்தை மாற்றியமைத்து, எண்ணிக்கையைக் குறைத்து, கனமான பீரங்கிகளை ஏற்றி, 26 பீரங்கிக் கார்வெட் (ஃபிரிகேட்டுக்கு அடுத்த சிறிய வகை) ஆக்கினார்கள். ஆகவே கட்டுரையில் எண்ணை எழுதும்போது ஆண்டையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

தேடுபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வேறிடத்தில். கப்பலின் வாழ்க்கை முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும் என்று நினைக்கிறார்கள். கடற்படை அப்படிப் பதியவில்லை. ஒரு கேப்டனை நியமித்து, ஆள் சேர்த்து, கடைசியில் சம்பளம் கொடுத்துக் கலைக்கும் வரையிலான ஒவ்வொரு பணிக்காலமும் தனிக் கணக்கு. எனவே முதலில் பணிக்காலங்களை ஒரு தாளில் வரிசைப்படுத்துங்கள். டிரிங்கோமாலிக்கு அது சுலபம். 1818–19-இல் பம்பாயிலிருந்து போர்ட்ஸ்மவுத் பயணம். 1847 முதல் 1850 வரை கேப்டன் வாரனின் கீழ் வட அமெரிக்க, மேற்கிந்தியத் தீவுகள் பிரிவு. 1852 முதல் 1857 வரை கேப்டன் ஹூஸ்டனின் கீழ் பசிபிக் பிரிவு. 1819-க்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் லாக் புத்தகம் (கப்பலின் அன்றாடக் குறிப்பேடு) இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அத்தனை காலமும் கப்பல் ஆளில்லாமல் துறைமுகத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

ஆவணங்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏடிஎம்’ (ADM) என்ற கடற்படைத் தொகுதியில் இருக்கின்றன. கேப்டன் லாக் ஏடிஎம் 51, அது 1852-உடன் முடிகிறது. கப்பல் லாக் ஏடிஎம் 53. ஆள் பட்டியல்கள் ஏடிஎம் 37, 38. துறைமுகத்தில் நடந்த பழுதுபார்ப்பும் செலவும் ஏடிஎம் 180-இல். இணையப் பட்டியலில் கப்பல் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடி, முழுக் கோப்பு எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகே பிரதி கேளுங்கள். கட்டுமான வரைபடங்களுக்குக் கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தைக் கேட்க வேண்டும்.

ஆள் பட்டியலை வாசிக்கும்போது பெயருக்கு எதிரேயுள்ள ஆங்கில எழுத்தைக் கவனியுங்கள். ‘டி’ (D) என்றால் பணியிலிருந்து அனுப்பப்பட்டவர் அல்லது வேறு கப்பலுக்கு மாறியவர். ‘டிடி’ (DD) என்றால் இறந்தவர். ‘ஆர்’ (R) என்றால் ஓடிப்போனவர். ‘டி’-யை மரணம் என்று எடுத்துக்கொண்டு, உயிரோடு இருந்தவரைக் கொன்றுவிட்ட குடும்ப வரலாறுகள் உண்டு. பட்டியலின் கடைசிப் பக்கங்களையும் விட்டுவிடாதீர்கள். கூடுதல் ஆட்களும் பயணிகளும் தனியாக அங்கே வருவார்கள். செயின்ட் ஹெலினாவில் நெப்போலியனுக்கு வைத்தியம் பார்த்த ஜான் ஸ்டோகோ 1819 ஜனவரியில் ஏறியது இந்தக் கப்பலில்தான். அப்படிப்பட்டவர்களைத் தேட வேண்டிய இடம் அது.

பழைய லாக்கில் வேகத்துக்கு இரண்டு பத்திகள்: நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்), அடுத்து பாகம் (ஆறடி அளவு). வேகம் அளக்கும் கயிற்றில் ஒரு நாட்டுக்கு 48 அடி, அதாவது 8 பாகம். எனவே 7, 4 என்று இருந்தால் அது ஏழரை நாட்; 7.4 அல்ல. அச்சிட்ட லாக்குகளில் பத்தில் ஒரு பங்காகவும் எழுதினார்கள். ஆகவே பத்தியின் தலைப்பைப் பார்த்த பிறகே கணக்குப் போடுங்கள். 1805-க்கு முந்தைய கப்பல்களைத் தேடினால் இன்னொரு சிக்கல்: லாக் நாள் முந்தைய நண்பகலிலேயே தொடங்கிவிடும். ‘5-ஆம் தேதி பிற்பகல்’ என்பது நமக்கு 4-ஆம் தேதி.

கிரிமியப் போரை எழுதும்போது நிதானம் தேவை. 1854-இல் ரஷ்யாவின் பசிபிக் துறைமுகமான பெட்ரோபாவ்லோவ்ஸ்க் மீது பிரிட்டனும் பிரான்சும் நடத்திய தாக்குதலில் டிரிங்கோமாலி இல்லை. ‘போர்க்காலத்தில் பசிபிக் பிரிவில் இருந்தது’ என்று எழுதினால் போதும். அந்தப் பணிக்காலம் நிலப்படத்திலும் பதிந்திருக்கிறது: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ‘டிரிங்கோமாலி கால்வாய்’ என்ற கடற்பாதை இந்தக் கப்பலின் பெயரில்தான் இருக்கிறது. உங்கள் ஊர் வாசகர்களுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.

பெயரிலும் இரண்டு பொறிகள் இருக்கின்றன. 1799-இல் ‘இஃபிஜெனி’ என்ற பிரெஞ்சுக் கப்பலோடு சண்டையிட்டு வெடித்துச் சிதறிய இன்னொரு டிரிங்கோமாலி உண்டு. அது வேறு கப்பல். அடுத்தது, நம் கப்பலின் மாற்றுப் பெயர். கடல் பணி முடிந்ததும் சண்டர்லாந்து, வெஸ்ட் ஹார்டில்பூல், சவுத்தாம்ப்டன் ஆகிய இடங்களில் பயிற்சிக் கப்பலாக இருந்து, 1897-இல் உடைப்பதற்காக விற்கப்பட்டது. புகழ்பெற்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் பழைய கப்பலான ‘ஃபுட்ராயண்ட்’ அதே ஆண்டு பிளாக்பூலில் தரைதட்டி நொறுங்கியிருந்தது. அதன் உரிமையாளர் வீட்லி காப், இதை வாங்கி அந்தப் பெயரையே வைத்தார். 1992 வரை அதுதான் பெயர். ஆகவே ‘ஃபுட்ராயண்ட்’ என்று எழுதிய 20-ஆம் நூற்றாண்டுப் புகைப்படம் கிடைத்தால், பெரும்பாலும் அதில் இருப்பது உங்கள் கப்பல்தான்.

கடைசியாக ஒரு வரி. ‘உலகிலேயே பழைய போர்க்கப்பல்’ என்று எழுதாதீர்கள். 1765-இல் தண்ணீரில் இறங்கிய ‘விக்டரி’ போர்ட்ஸ்மவுத்தில் உலர்துறையில் நிற்கிறது. 1797-இல் இறங்கிய ‘கான்ஸ்டிடியூஷன்’ பாஸ்டனில் மிதக்கிறது. ‘இன்றும் மிதக்கும் மிகப் பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பல்’ என்று எழுதுங்கள்.