சவாரோ: வாசகர் கேள்விகள்

சவாரோ எவ்வளவு உயரம் வளரும்? (திருச்சி)

அமெரிக்கப் பாலைவனத்தில் தூண்போல நிற்கும் கேக்டஸ் அது. 40 அடி சாதாரணம். 150 ஆண்டுகளுக்கு மேல் வாழும்.

விதை போட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தினமும் தண்ணீர் ஊற்றியும் கட்டைவிரல் உயரம்கூட இல்லை. என்ன உரம் போடலாம்? (சேலம்)

உரம் வேண்டாம். தினமும் தண்ணீர் ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள், வேர் அழுகிவிடும். இதை எத்தனை முறைதான் எழுதுவது? சொந்த மண்ணிலேயே முதல் எட்டு ஆண்டுகளில் அது வளர்வது ஒன்றரை அங்குலம்தான். கை, அதாவது பக்கக் கிளை, முளைக்க 50, 70 ஆண்டுகள் ஆகும்.

எங்கள் வேலியில் நிற்பதும் சவாரோதானே? ஒடித்துப் படம் அனுப்பியிருக்கிறேன். (விருதுநகர்)

அது சதுரக்கள்ளி, வேறு குடும்பம். படத்திலேயே பால் வடிகிறது. சவாரோவில் பால் வடியாது. ஒடிக்காமலே கேட்டிருக்கலாம். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கையை நன்றாகக் கழுவுங்கள்.

ராஜஸ்தானில் உண்டா? (மதுரை)

இயற்கையாக இல்லை. உலகத்திலேயே சொனோரா பாலைவனத்தில் மட்டும்தான்: தெற்கு அரிசோனா, மெக்சிகோவின் சொனோரா மாநிலம், கலிஃபோர்னியா எல்லையோரம் கொஞ்சம். குளிர்காலத்தில் ஒரு மழை, கோடையில் ஒரு மழை என்று இரண்டும் அங்கே கிடைக்கின்றன. நீண்ட உறைபனியை அது தாங்காது.

கொழுக்கட்டைப்புல் சவாரோவை அழிக்கிறது என்கிறார்கள். எங்கள் மாடுகளுக்கு அதுதானே உயிர்? (காங்கேயம்)

உங்கள் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலிக்குள் அது அருமையான தீவனம். அதில் மாற்றுக் கருத்தில்லை. மாட்டுத் தீவனத்துக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் 1930களிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் வினை தொடங்கியது. சவாரோ நிற்கும் நிலத்தில் செடிக்கும் செடிக்கும் நடுவே வெற்றுமண் கிடக்கும். அதை வீண் இடம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தீ தாவாமல் காத்துவந்தது அந்த மண்தான்! இப்போது இடைவெளி முழுக்கப் புல். கோடையில் காய்ந்து தீப்பிடித்தால், புல் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். வெந்துபோன சவாரோ உடனேயோ சில ஆண்டுகள் கழித்தோ சாய்ந்துவிடும். கன்றுகளுக்கு நிழல் தரும் பாலோ வெர்டே மரங்களும் கருகும். அரிசோனாவின் டூசான் நகரையொட்டிய மலைச்சரிவுகளில் தன்னார்வலர்கள் கடப்பாரையும் கையுமாகப் புல்லைத் தூர் தூராகத் தோண்டி எடுக்கிறார்கள். 150 ஆண்டு வளர்ச்சியை ஒரு மதியத் தீ தின்றுவிடும் என்பதால்தான் அந்தப் பாடு. அயல்நாட்டு விதை எதையும் விசாரிக்காமல் விதைக்காதீர்கள்.

மரங்கொத்தி துளைத்தால் செத்துவிடாதா? (தஞ்சாவூர்)

சாகாது. துளையைச் சுற்றிக் காய்ப்பேறிவிடும். மரங்கொத்தி காலி செய்ததும் குருவி அளவே உள்ள ஆந்தை குடிவரும்.

பழம் உண்ணலாமா? (கோவை)

உண்ணலாம், நல்ல இனிப்பு. அந்தப் பாலைவனத்தின் பூர்வகுடிகளான டொஹோனோ ஓதம் மக்கள் ஜூன் மாதத்தில், பட்டுப்போன சவாரோவின் தண்டுக்குள் விலா எலும்புபோல் இருக்கும் கழிகளாலேயே துறடு கட்டிப் பழம் பறிப்பார்கள். பாகு காய்ச்சி, புளிக்கவைத்து, மழையை அழைக்கும் சடங்கில் பருகுவார்கள்.